கண்ணு ஒண்ணு சொல்லும், கை ஒண்ணு சொல்லும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கு கைவசம் இருக்கு. உண்மையான காரணம் சோம்பேறித்தனம்தான். இந்தப் பதிவையும் எழுதலாமா வேண்டாமான்னு மூணு வாரமா யோசிச்சு, அம்மாகிட்ட கேட்டு, "எழுதிக்கோ, யாரு படிக்கப் போறா"ன்னு அவங்க சொன்னதுக்கு அப்புறம்தான் எழுதறேன். (அம்மாவுக்கு என் ஹிட் கவுண்டர் பத்தி நல்லாவே தெரியும் போல.)

மேட்டர் என்னன்னா, அடர்த்தி. ஆமாங்க, ஏழாங்கிளாஸ் அறிவியல்ல வருமே, அதே அடர்த்திதான். ஓடிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க.

முதல்ல ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். வருஷம் 2009. கும்பகோணத்துல ஒரு பள்ளிக்கூடம். அறிவியல் சார் போர்டுல ஒரு முக்கோணம் போட்டு, மேல எம், கீழ டி, வின்னு எழுதினார். எது வேணுமோ அதை விரலால மறைச்சுக்கோ, மீதி இருக்கறதுதான் விடை. அவ்வளவுதான் பாடம். நிறை 60 கிராம், பருமன் 20 சிசி, அடர்த்தி என்ன? விரலை வை, 60 பை 20, மூணு. அடுத்த கணக்கு. நானும் விரலை வச்சு வச்சே முழு மார்க் வாங்கினேன். அளவுசாடி, அதாங்க மெஷரிங் சிலிண்டர், லேப் பீரோவுக்குள்ள பூட்டி இருந்துச்சு. கண்ணாடி வழியா பாத்திருக்கேன், தொட்டதில்லை. உடைஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு பூட்டியே வச்சிருந்தாங்க.

ஒரு நாள் சார் வகுப்புல ஒரு கேள்வி கேட்டார். "ஒரு கல்லோட அடர்த்தி மூணு. அதைச் சரிபாதியா உடைச்சா ஒரு துண்டோட அடர்த்தி என்ன?"

முழு மார்க் சிங்கம் எந்திரிச்சு கம்பீரமா "ஒன்றரை சார்"னு சொல்லிச்சு. நடுமண்டையில நங்குனு ஒரு கொட்டு. "மூணுடா முண்டம், உக்காரு." ஏன் மூணுன்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. முக்கோணத்துல விரலை எங்க வச்சா அந்த மூணு வரும்னு ரெண்டு நாள் யோசிச்சிட்டு விட்டுட்டேன். அப்புறம் பத்தாவது, பன்னெண்டாவது, இன்ஜினியரிங், வேலைன்னு வண்டி ஓடிருச்சு. டேட்டாபேஸ்ல ஒரு கொரி ஏன் மெதுவா ஓடுதுன்னு கண்டுபிடிக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. அடர்த்தி பத்தி யாரும் கேக்கலை.

*

எங்கப்பா ஒரு பாத்திரக்கடையில சேல்ஸ்மேனா இருந்தார். கும்பகோணம்னா வெத்தலையும் டிகிரி காபியும் மட்டும் இல்லீங்க, பாத்திரமும்தான். பித்தளைக் குடம், வெண்கலப் பானை, குத்துவிளக்கு எல்லாம் எடை போட்டுத்தான் விப்பாங்க. லீவு நாள்ல அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போனா, அப்படியே கடையில உக்காந்துடுவேன்.

பழைய பாத்திரம் மாத்த வர்றவங்க கொண்டு வர்ற சாமானை அப்பா தராசுல வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கையில தூக்கிப் பாப்பார். ரெண்டு செகண்டுதான். "அக்கா, இது பித்தளைன்னு குடுத்திருக்காங்க, மேல பூச்சுதான் பித்தளை, உள்ள வேற"ன்னு சொல்லிடுவார். அந்தம்மா சண்டைக்கு வரும். முதலாளி அரத்தால அடியில லேசா ஒரு தேய் தேய்ப்பார். உள்ள வெள்ளையா பல்லை இளிக்கும்.

எப்படிப்பா கண்டுபிடிக்கறேன்னு ஒரு நாள் கேட்டேன். அப்பா அவ்வளவா பேசற ஆள் இல்ல. ஒரே சைஸ்ல ரெண்டு டம்ளர் எடுத்தார். ஒண்ணு எவர்சில்வர், ஒண்ணு அலுமினியம். என் ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணா வச்சார்.

"சைஸை முதல்ல கண்ணால பாத்துக்க. அப்புறம் தூக்கு. கண்ணு ஒண்ணு சொல்லும், கை ஒண்ணு சொல்லும். இந்த சைஸுக்கு இந்த கனம் இருக்கணும்னு பழகப் பழக மனசுல பதிஞ்சிரும். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா சரக்கு சரி. ஒத்துப்போகலைன்னா எங்கயோ பொய் இருக்கு."

யோசிச்சுப் பாருங்க. கண்ணு பாக்கறது பருமன். கை தூக்கறது நிறை. ரெண்டையும் ஒப்பிடறதுதான் அடர்த்தி. எட்டாவது வரைக்கும் படிச்ச எங்கப்பா, முக்கோணம் போடாம பாடத்தை முழுசா சொல்லிட்டார். எனக்குத்தான் மண்டையில ஏறலை. அது கடை, இது பள்ளிக்கூடம், ரெண்டுக்கும் நடுவுல பெரிய சுவர்.

அப்பா 2019ல தவறிட்டார்.

*

சரி, நிகழ்காலத்துக்கு வருவோம். போன லீவுக்கு அக்கா பொண்ணு வந்திருந்தா. ஏழாவது படிக்கறா. அளவீட்டியல் பாடத்துல அடர்த்தி. நோட்டைத் திறந்து பாத்தேன். அதே முக்கோணம்! எழுத்து மட்டும் அழகா இருந்துச்சு.

"பாப்பா, ஒரு கல்லைப் பாதியா உடைச்சா அடர்த்தி என்ன ஆகும்?"

"பாதியாகும் மாமா."

ரத்தம் பேசுதுய்யா :-) கொட்டறதுக்குக் கை பரபரத்துச்சு. ஆனா நானும் அதையேதான் சொல்லியிருக்கேன்னு ஞாபகம் வந்ததால, "வா, உடைச்சே பாத்துடலாம்"னு கூட்டிக்கிட்டுப் போனேன்.

காபி பைத்தியம் பிடிச்சிருந்த காலத்துல நான் வாங்கின சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வீட்டுல கிடந்துச்சு. 500 கிராம் வரை தாங்கும், 0.01 கிராம் வரை காட்டும். காபி பைத்தியம் தெளிஞ்சு நாளாச்சு, தராசு மட்டும் மிச்சம். அளவுசாடி இல்லாம பருமனை எப்படி அளக்கறது? அதுக்கும் இதே தராசு போதும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல தண்ணி ஊத்தித் தராசுல வச்சு, பட்டனை அமுக்கிச் சைபர் ஆக்கிக்கணும். அப்புறம் பொருளை நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள முழுசா முங்கற மாதிரி தொங்க விடணும். அடியிலயும் பக்கத்துலயும் படக் கூடாது. நூலைக் கையில பிடிச்சிருக்கோம், ஆனாலும் தராசு ஒரு எண் காட்டும்.

பாப்பா கண்ணு விரிஞ்சுது. "நாமதானே தூக்கிப் பிடிச்சிருக்கோம், அது ஏன் எடை காட்டுது?"

பொருள் முங்கினதும் அது தன்னோட பருமன் அளவுக்குத் தண்ணியை ஒதுக்குது. ஒதுக்கின தண்ணியோட எடை எவ்வளவோ, அவ்வளவு விசையால தண்ணி அதை மேல தள்ளுது. தண்ணி பொருளை மேல தள்ளினா, பொருளும் தண்ணியைக் கீழ அதே அளவு தள்ளும். அந்தத் தள்ளுதான் தராசுல தெரியுது. அதாவது தராசு காட்டறது, ஒதுக்கப்பட்ட தண்ணியோட நிறை. தண்ணி ஒரு சிசி ஏறத்தாழ ஒரு கிராம். அதனால தராசு 40 காட்டினா பருமன் 40 சிசி. பீரோவுல பூட்டி வச்ச அளவுசாடியை விட இது எவ்வளவோ துல்லியம்.

கல்லுக்குப் பதிலா உருளைக்கிழங்கு. வெளியில எடை 43.2 கிராம். தண்ணிக்குள்ள தொங்கவிட்டா 40.0. அடர்த்தி 1.08. தண்ணியை விட ஒரு பொடி அதிகம், அதான் கிழங்கு முங்குது. கத்தியால ரெண்டா வெட்டினோம். ஒரு துண்டு 18.9 கிராம், 17.6 சிசி. 1.07 வந்துச்சு. இன்னொண்ணு 24.3 கிராம், 22.4 சிசி. 1.08.

பாப்பா எண்களைப் பாத்துக்கிட்டே இருந்தா. "மாமா, மேல இருக்கறதும் குறையுது, கீழ இருக்கறதும் குறையுது. அதான் அப்படியே இருக்கு."

அவ்வளவுதாங்க. எனக்கு 2009ல கொட்டா கிடைச்சது அவளுக்கு ஒரு கிழங்குல கிடைச்சிருச்சு. அடர்த்திங்கறது அந்தத் துண்டோட குணம் இல்ல, கிழங்கோட குணம். நிறையும் பருமனும் வெட்டினா பங்கு பிரியும். அடர்த்தி பங்கு பிரியாது. (வெட்டின துண்டை ஒரு மணி நேரம் தண்ணியில ஊறப் போட்டா கதையே வேற, அது இன்னொரு பதிவுக்கு.)

*

அப்புறம் அலகு. புத்தகத்துல தண்ணிக்கு 1000னு போட்டிருக்கு, நாம ஒண்ணுன்னு சொல்றோமே, எது தப்புன்னு கேட்டா. மொட்டை மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போய் 1000 லிட்டர் தண்ணித் தொட்டியைக் காட்டினேன். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டியில எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் இதுல பிடிக்கும். அதுல 10 லட்சம் சிசி. ஒவ்வொரு சிசியும் ஒரு கிராம்னா மொத்தம் 10 லட்சம் கிராம், அதாவது 1000 கிலோ. ஒரு சிசிக்கு ஒரு கிராம்னு சொன்னாலும், ஒரு கன மீட்டருக்கு 1000 கிலோன்னு சொன்னாலும் ஒண்ணுதான்.

"இதுல தங்கத்தை ரொப்பினா?"

"19,300 கிலோ. மொட்டை மாடி இடிஞ்சு கீழ் வீட்டுக்காரர் தலையில இறங்கும்."

"பாதரசம்?"

"13,600."

"காத்து?"

"ஒரு கிலோ 200 கிராம்."

காத்துக்கு எடை இருக்குன்னு அவ நம்பவே இல்ல. பத்தடிக்குப் பத்தடி ரூம்ல, மூணு மீட்டர் உயரம்னு வச்சுக்கிட்டா, ஏறக்குறைய 27 கன மீட்டர். அதுல இருக்கற காத்து மட்டும் 32 கிலோ கிட்ட. "உன் எடை அளவுக்குக் காத்து இந்த ரூமுக்குள்ளயே இருக்கு"ன்னேன். மேலயும் கீழயும் பாத்தா பாவம்.

அடுத்தது ஆர்க்கிமிடீஸ். கிரீடத்துல வெள்ளி கலந்திருக்கான்னு கண்டுபிடிக்கச் சொன்ன ராஜா, குளியல் தொட்டி, யுரேகான்னு தெருவுல ஓடின கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா பாருங்க, அவர் எழுதிக் கிடைச்ச நூல்கள்ல இந்தக் கிரீடக் கதை இல்ல. விட்ருவியஸ்னு ஒரு ரோமானியக் கட்டடக்கலைஞர், ஏறக்குறைய 200 வருஷம் கழிச்சு எழுதினது அது. தண்ணி வழியறதை அளந்துதான் கண்டுபிடிச்சார்னு அவர் எழுதியிருக்கார்.

நான் ஒரு கணக்கு போட்டேன். கிரீடம் ஒரு கிலோன்னு வச்சுக்கலாம். சுத்தத் தங்கம்னா 52 சிசி. அதுல 300 கிராம் வெள்ளி கலந்திருந்தா 65 சிசி. வித்தியாசம் 13 சிசி. 20 சென்டிமீட்டர் வாயகலம் உள்ள பாத்திரத்துல இந்த 13 சிசி தண்ணிமட்டத்தை அரை மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. இதை வச்சு ஒரு ஆசாரியைக் கழுவுல ஏத்தறது கஷ்டம். கலிலியோவுக்கும் இந்தக் கதையில நம்பிக்கை வரலை. 1586ல, இருபது சொச்சம் வயசுல, ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை போடற தராசு முறையிலதான் ஆர்க்கிமிடீஸ் செஞ்சிருக்கணும்கறது அவர் வாதம். நாங்க பிளாஸ்டிக் டப்பாவுல பண்ணினதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த முறைதான்.

இதைச் சொல்லி முடிச்சதும் பாப்பா கேட்டா. "அப்ப நாமளும் தங்கத்தை டெஸ்ட் பண்ணலாமா மாமா?"

பதிவோட முதல் பாதி இங்க முடியுது. இதோட நிறுத்தியிருந்தா நான் இந்தப் பதிவை எழுதியிருக்கவே மாட்டேன்.

*

முதல்ல என் மோதிரம். 916 முத்திரை போட்டது, வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கினது. 916னா நூத்துக்கு 91.6 பங்கு தங்கம். மீதி 8.4 செம்பு, வெள்ளி மாதிரி ஏதாவது. அப்ப அடர்த்தி எவ்வளவு வரணும்? நான் அவசரப்பட்டு ரெண்டு அடர்த்தியையும் பங்குபடி சராசரி போட்டு 18.4னு சொல்லிட்டேன். அப்புறம்தான் பொறி தட்டுச்சு. அடர்த்தியைக் கூட்டக் கூடாது, பருமனைத்தான் கூட்டணும். 100 கிராம் நகையில 91.6 கிராம் தங்கம், 19.3ஆல வகுத்தா 4.75 சிசி. 8.4 கிராம் செம்பு, 8.9ஆல வகுத்தா 0.94 சிசி. மொத்தம் 5.69. நூறை அதால வகுத்தா 17.6. செம்புக்குப் பதிலா வெள்ளி மட்டும் கலந்திருந்தா 18. ஆக 17.6க்கும் 18க்கும் நடுவுல வரணும்.

மோதிரம் 4.02 கிராம். தண்ணிக்குள்ள 0.23. வகுத்தா 17.5. தராசுல கடைசி இலக்கம் ஒண்ணு மேல கீழ ஆனாலே விடை 16.8லேர்ந்து 18.3 வரைக்கும் ஆடும். சின்னப் பொருளுக்கு இந்தத் தொல்லை உண்டு. இருந்தாலும் பாஸ்!

பாப்பாவுக்கு ஒரே குஷி. "பெருசா ஏதாவது பண்ணினா இன்னும் கரெக்டா வரும்ல?" கரெக்டான கேள்வி. பருமன் கூடக் கூட பிழையோட பங்கு குறையும். நான் சபாஷ் சொல்றதுக்குள்ள ஆளைக் காணோம். அம்மா அடுப்படியில முறுக்குக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தாங்க. ரெண்டு வளையலையும் கழட்டி ஜன்னல் திட்டுல வச்சிருந்தாங்க. அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்துட்டா.

"அம்மாச்சி, வளையல் எடுத்துக்கறேன்!"

"அது எதுக்கு? மோதிரம்தான் பண்ணியாச்சுல்ல, போதும் வை"ன்னு அம்மா குரல் வந்துச்சு. அதுக்குள்ள தராசுல ஏறிடுச்சு.

9.12 கிராம். ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலன்னு நினைச்சுக்கிட்டேன். நூலைக் கட்டி இறக்கினோம். ஒட்டியிருந்த காத்துக் குமிழியை எல்லாம் ஊசியால தட்டி விட்டோம்.

1.03.

"9.12 பை 1.03... மாமா, 8.85 வருது."

"தப்பா பண்ணிருக்கோம், அடியில பட்டிருக்கும். திரும்பப் பண்ணு."

1.03. மூணாவது தடவை 1.02. நாலாவது தடவை பண்ண எனக்குத் தெம்பு இல்ல. எனக்கு முன்னாடியே புரிஞ்சிருச்சு. பாப்பா புத்தகத்துல அட்டவணையை விரலால வரி வரியா தேடிக்கிட்டே வந்தா.

"மாமா! தாமிரம் 8900. இது தங்கமே இல்ல, தாமிரம்!"

ஏதோ புதையலைக் கண்டுபிடிச்ச சந்தோஷம் அவ மூஞ்சியில. அடுப்படியில மாவு பிசையற சத்தம் நின்னு போச்சு.

"இல்ல பாப்பா, சில வளையல் உள்ள ஹாலோவா இருக்கும். காத்து இருக்கறதால அடர்த்தி குறைச்சலா காட்டும்"னேன். அறிவியல்படி இது பொய் இல்ல. அப்படியும் வளையல் உண்டு.

அவ வளையலைக் கையில எடுத்து ரெண்டு விரலால அமுக்கினா. "17.6 வரவேண்டியது 8.85ன்னா, பாதிக்குப் பாதி காத்து இருக்கணும். அப்ப அமுக்கினா நசுங்கணுமே மாமா?"

நான் இவளுக்கு ஏன் சொல்லிக் குடுத்தேன்னு இருந்துச்சு. "அப்ப கணக்குல எங்கயோ..."ன்னு ஆரம்பிச்சேன்.

அம்மா மாவுக் கையோட வாசப்படியில வந்து நின்னாங்க.

"கணக்கு சரிதான் பாப்பா. அது கவரிங்." அப்புறம் என்னைப் பாத்தாங்க. "புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறப்ப பொய் சொல்லாத தம்பி."

*

ராத்திரி பாப்பா தூங்கினதுக்கு அப்புறம்தான் கேட்டேன். அம்மா முறுக்கை டின்ல அடுக்கிக்கிட்டே சொன்னாங்க, நேத்து நடந்த கரண்ட் கட் பத்திச் சொல்ற மாதிரி.

2016. நான் மூணாவது வருஷம். பேங்க் லோன்ல வர வேண்டிய தவணை தள்ளிப் போயிடுச்சு. பணம் கட்டலைன்னா பரிட்சை எழுத முடியாதுன்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. நான் வீட்டுக்கு போன் பண்ணி, "ஏற்பாடு பண்ணுங்க, மானம் போகுது"ன்னு கத்தினது எனக்கே ஞாபகம் இருக்கு. நாலே நாள்ல பணம் வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கலை. ஏற்பாடு பண்ணினாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த வார்த்தைக்குள்ள என்னென்ன இருக்கும்னு பத்தொம்பது வயசுல யாரு யோசிக்கறா?

அந்த வளையல் ரெண்டும் அம்மாவோட அம்மா போட்டது. ஒண்ணு ரெண்டு பவுன், ஜோடி நாலு பவுன். அன்னைக்கு ஒரு பவுன் இருபதாயிரத்துச் சொச்சம். வித்துட்டு, அதே டிசைன்ல, அதே சைஸ்ல சிதம்பரம் கவரிங்ல ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கிட்டாங்க.

"அடகு வச்சிருக்கலாமே?"

"வட்டி கட்டறதுக்கு எங்க போறது?"

"அப்பாவுக்கு?"

"சொல்லலை. அக்காகிட்ட கைமாத்து வாங்கினேன்னு சொன்னேன். சொன்னா அவர் மனசு தாங்காது. எங்கம்மா போட்ட நகை ஒண்ணைக்கூட அவர் தொட்டதில்ல, அதுல அவருக்கு ஒரு பெருமை." கொஞ்ச நேரம் பேசலை. "பாத்தா தெரியாது. கையில வாங்கினா தெரிஞ்சிருமே அவருக்கு. அதனால அவர் இருந்த வரைக்கும் கழட்டினதே இல்ல. மாவு பிசையறப்பகூட மேல ஏத்தி விட்டுக்கிட்டுத்தான் பிசைவேன்."

ஆமாங்க. 16 கிராம் இருக்க வேண்டிய இடத்துல 9 கிராம். பாத்திரக்கடையில முப்பது வருஷம் நின்ன கைக்கு ரெண்டு செகண்டு போதும்.

"அப்ப கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாதா?"

அம்மா டின் மூடியை அழுத்தி மூடினாங்க. "நானும் அப்படித்தான் நினைச்சிக்கிட்டிருந்தேன். ஆனா ஒண்ணு. அதுக்கு அப்புறம் எவ்வளவு கஷ்டம் வந்துச்சு? உன் கடைசி வருஷ ஃபீஸு, அக்காவோட பிரசவச் செலவு, அவருக்கே ஆபரேஷன். ஊர்ல எல்லார்கிட்டயும் கடன் கேட்டார். சைக்கிளைக்கூட வித்தார். ஒரு தடவைகூட, அந்த வளையலைக் குடு, வச்சுட்டு வரேன்னு அவர் கேக்கலை."

அதுக்கு மேல அவங்களும் சொல்லலை, நானும் கேக்கலை.

*

அடுத்த நாள் வழக்கமான பையன் என்ன செய்வானோ அதைத்தான் செஞ்சேன். "வாம்மா, நகைக்கடைக்குப் போலாம், நாலு பவுன்ல அதே மாதிரி வாங்கிடலாம்"னேன். இப்ப விக்கற விலையில என் சேமிப்புல பெரிய ஓட்டை விழும், விழட்டும். அம்மா வரமாட்டேன்னுட்டாங்க. "இந்த வயசுல ரெண்டு கையிலயும் நாலு பவுனைப் போட்டுக்கிட்டு பஸ்ல போக முடியுமா? இது லேசா இருக்கு, பழகிடுச்சு." இன்னும் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு. பின்னூட்டத்துல யாராவது ஐடியா குடுங்க.

பாப்பா ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நோட்டைக் காட்டினா. அழகா அட்டவணை போட்டிருந்தா. உருளைக்கிழங்கு 1.08. மாமா மோதிரம் 17.5. மூணாவது வரியில "அம்மாச்சி வளையல், 8.85, தாமிரம்"னு எழுதி, அடிச்சுட்டு, "ஒரு வளையல்"னு திருத்தியிருந்தா. யாரும் சொல்லிக் குடுக்கலை, அவளா பண்ணினது. அம்மா அதைப் பாத்துட்டு, "ஏன் அடிச்ச? என் வளையல்தானே? அம்மாச்சி வளையல்னே எழுது"ன்னாங்க. திரும்ப எழுதினா.

அவங்க போனதுக்கு அப்புறம் ஜன்னல் திட்டுல இருந்த வளையலை எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாத்தேன். தராசு இல்லாம, டப்பா இல்லாம, அப்பா சொன்ன மாதிரி. முதல்ல கண்ணு. அப்புறம் கை. எனக்கே தெரிஞ்சுதுங்க. அந்த சைஸ் தங்கத்துக்கு அந்த கனம் பத்தவே பத்தாது. ஆபீஸ்ல கீபோர்டு தட்டற என் கைக்கே தெரியுது.

இத்தனை வருஷமா அந்த வளையலைப் போட்ட கையிலதான் சாப்பிட்டிருக்கேன். ஊருக்குக் கிளம்பறப்ப அந்தக் கையைப் பிடிச்சிருக்கேன். கண்ணால மட்டும்தான் பாத்திருக்கேன். ஒரு தடவைகூட தூக்கிப் பாக்கலை.

டிஸ்கி: வீட்டுல தங்கத்தை டெஸ்ட் பண்ணப் போறவங்களுக்கு. கல் வச்ச நகை, அரக்கு ரொப்பின நகை, உள்ளீடற்ற நகை எதுக்கும் இந்த முறை சரிப்படாது. டங்ஸ்டனோட அடர்த்தி தங்கத்தோட அடர்த்திக்கு மிகவும் பக்கம், 19.25. அதை உள்ள வச்சு மேல தங்கம் பூசினா ஆர்க்கிமிடீஸே வந்தாலும் தராசு ஏமாந்துடும். முக்கியமா, யாரோட நகையை டெஸ்ட் பண்றீங்களோ, முதல்ல அவங்களைக் கேட்டுக்கோங்க :-)